முதல் புரோகிராமில் இருவர் பேசட்டும்!

எண்களை அச்சிடுவதை முதல் புரோகிராமாகச் சிலர் கற்றுத் தருகிறார்கள். இரண்டு பேரைப் பேச வைப்பதே சிறந்த முதல் பாடம் என்பது என் கருத்து.

எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பூனையையும் நாயையும் பேச வைத்தேன். பூனை 2 விநாடி பேசும். அதுவரை நாய்க்கு 'வெயிட்' கொடுத்தேன். பூனையின் வசனத்தை 4 விநாடியாக நீட்டியதும் இரண்டும் ஒன்றாகப் பேசின!

வெயிட்டை நீக்கினேன். பூனை பேசி முடித்ததும் 'பிராட்காஸ்ட்' மூலம் செய்தி அனுப்பும். நாயிடம் 'வென் ஐ ரிசீவ்' பிளாக் வைத்தேன். இப்போது வசனம் எவ்வளவு நீண்டாலும் குழப்பமில்லை.

நேரத்தை ஊகிக்காமல் செய்திக்காகக் காத்திருக்க வேண்டும். பெரிய புரோகிராம்களுக்கும் உதவும் இந்தப் பாடத்தை எண்களை அச்சிட்டுக் கற்க முடியாது. நீங்களும் செய்து பாருங்களேன்!