குகைக்குள் ஒரு விளக்கு

ஏற்காட்டு மலையுச்சியில் சேர்வராயன் குகைக் கோயிலுக்குள் பக்தர்கள் குனிந்தே நுழைகின்றனர். உள்ளே விளக்கொளியில்தான் தெய்வ உரு புலப்படும். உடலுக்குள் இருக்கும் பெருங்குடலும் ஒரு குகையே. வெளியிலிருந்து பார்த்தால் அதன் நோய் தெரிவதில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. மலக்குடல் புற்றுநோய் எனத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-இல் அவர் மறைந்தார். அத்துயரமே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமாயிற்று.

இன்றும் மலத்தில் இரத்தம் கண்டால் ‘மூலம்’, ‘உஷ்ணம்’ என்று கூறிக் கைவைத்தியத்தில் மாதங்களைக் கழிப்போர் பலர். குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு சதைவளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் வரை ஆகும். கொலோனோஸ்கோபி என்னும் உள்நோக்குக் குழாயால் அதனைக் கண்டு, அப்போதே அகற்றிவிடலாம். ஐயத்திற்குரிய இடத்தில் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தே நோயை உறுதி செய்வர். ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சையே பெரும்பாலோரைக் குணப்படுத்துகிறது. பரவியபின் கீமோதெரபியும் தேவைப்படும்.

மலப்போக்கு மாறினாலோ, காரணமின்றி இரத்தசோகையோ எடைக்குறைவோ ஏற்பட்டாலோ, குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்தாலோ, மலையிறங்கிச் சேலம் அரசு மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கலாகாது. வெட்கத்தால் நோயை மறைத்தல் தகாது. இறைவன் உறையும் உடலைக் காப்பதும் வழிபாடே.