திண்ணை வீடு 'பிளாட்' ஆகிறது! குடியிருப்பவர் கதி என்ன?

கொருக்குப்பேட்டைக்கு யோகம் அடித்திருக்கிறது!

2021 பிப்ரவரி 14-ந் தேதி வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகருக்கு மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே தியாகராயா கல்லூரி ரெயில் நிலையம். அதற்கு முன்பே, 2019-ல் வந்த கட்டிட விதிகள், மனை அளவில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்று இருந்ததை 2 மடங்காக உயர்த்திவிட்டன.

அப்புறம் கேட்க வேண்டுமா? பழைய வீடு வைத்திருப்பவர் வாசலில் புரோக்கர் வந்து நிற்கிறார்.

"இடிச்சிடலாம் சார், ஆளுக்குப் பாதி!" இதுதான் அவர் மந்திரம்.

வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வருகிற வாடகை ரிப்பேருக்கே காணாது. அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பாகம் பிரிக்க வேண்டும். திண்ணையைப் பார்த்துப் பெருமைப்பட்டால் அடுப்பு எரியுமா?

ஆனால் இடிப்பது ஒன்றுதான் வழியா?

இடிக்காமலே கட்டலாம்

சுவரும் உத்திரமும் கெட்டியாக இருந்தால், முகப்பையும் முற்றத்தையும் வைத்துக்கொண்டு, உள்ளே மூன்று நாலு தனி வீடுகளாகப் பிரிக்கலாம்.

1856-ல் திறந்த ராயபுரம் ரெயில் நிலையத்தை 2005-ல் செப்பனிட்டார்கள். இன்றும் நிற்கிறது. புதுச்சேரி வைசியாள் வீதியில் பழைய வீடுகளைச் சீர் செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது.

ஆனால் வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உத்திரத்தின் முனை உளுத்துப் போகும். நாலு வீடு என்றால் நாலு சமையலறை, நாலு கக்கூஸ். தேக்கு உத்திரத்தில் செங்கலைச் செருகி சுண்ணாம்பு போட்டு இறுக்கிய 'மெட்ராஸ் டெரஸ்' தளம் ஓயாத ஈரத்தைத் தாங்காது. தண்ணீர் புழங்கும் அறைகளைப் பின்பக்கம் தனி அஸ்திவாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

எழுத்து இருக்கிறதா?

சுவர் பிழைத்தது. மனிதர்கள்?

முற்றத்தைச் சுற்றி ஒண்டுக் குடித்தனம் இருப்பவர்கள் துறைமுகத்துக்கும் கம்பெனிக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். பலர் வாய் வார்த்தையிலேயே காலத்தை ஓட்டியவர்கள்.

1960-ம் ஆண்டு வாடகைச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். அது இல்லாதவர் எதைக் காட்டி வாதாடுவார்? "வேலை முடிஞ்சதும் திரும்பி வாங்க" என்று வீட்டுக்காரர் வாயால் சொல்வார். திரும்பி வரும்போது வாடகை எட்டாத உயரத்தில் இருக்கும்!

பெரம்பூர் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று வானளாவிய பிளாட்டுகள். அதே ஆலையில் நூல் நூற்றவர் சம்பளத்துக்கு அங்கே ஒரு அறையாவது கிடைக்குமா?

செய்ய வேண்டியது

வேலை தொடங்கும் முன்பே குடித்தனக்காரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்: எத்தனை மாதம், அதுவரை எங்கே தங்குவது, திரும்பி வந்தால் என்ன வாடகை? அவர்களும் ஒப்பந்தத்தை இப்போதே போட்டு, பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அரசும் கை கொடுக்க வேண்டும். பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. அது பெரிய மாளிகைகளோடு நின்றுவிடக் கூடாது. திண்ணையைக் காப்பாற்றிக் குடித்தனக்காரரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுக்கட்டும்.

பிட்டி தியாகராயர் பிறந்த பேட்டை இது. அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது, ரெயில் நிலையம் இருக்கிறது. அந்தக் காலத்துத் தெரு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு திண்ணையாவது மிஞ்ச வேண்டாமா? அதில் சாயங்காலம் வந்து உட்கார, பழைய குடித்தனக்காரர் ஒருவராவது மிஞ்ச வேண்டாமா?