யார் பிரயாணி?

பிரயாண இலக்கியம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர், கப்பலேறியும் விமானமேறியும் பல தேசங்களைக் கண்டு திரும்பியவர்களே. தன்னந்தனியே சென்று வந்தவர் என்றால் மதிப்பு இன்னும் கூடிவிடுகிறது. அவருக்கு வரவேற்புக் கூட்டம் நடக்கிறது, மாலை விழுகிறது, எழுதிய நூலுக்கு அறிஞர் ஒருவரின் அணிந்துரையும் கிடைக்கிறது. இவற்றுள் எதனையும் நான் குறை கூறேன். ஆயினும், பிரயாணி என்னும் பெயரை நாம் யாருக்கு வழங்குகிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஊவா மாகாணத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஊவாவைக் கண்டு எழுதிய அயலார் பலர். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்ட மறு வருடம், ஜோன் டேவி என்னும் ஆங்கிலேய இராணுவ மருத்துவர் இப்பகுதியிற் சுற்றி, பாழடைந்த ஊர்களைக் கண்டார். அவருடைய நூல் 1821இல் இலண்டனில் வெளிவந்தது. 1890இல் தோட்டங்களை விலைக்கு வாங்க வந்தார் தோமஸ் லிப்டன். அப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்னை மலையுச்சியில் அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் இடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இன்று எல்ல நகருக்கு முதுகிற் பையுடன் வரும் இளைஞரும் யுவதியரும் ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அப்படத்தின் பின்னணியில் பச்சை மலை இருக்கிறது. அம்மலையில் கூடையுடன் குனிந்து நிற்கும் பெண்ணும் இருக்கிறாள். அவளும் காட்சியின் ஒரு பகுதி. அவளுக்கும் காணும் கண் உண்டு என்று யார் நினைக்கிறார்கள்?

உண்மையில், இம்மலைகளின் பெரும் பிரயாணிகள் அவளுடைய முன்னோரே. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நோக்கிப் புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். எஞ்சியவர்கள் மலையேறினார்கள். புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிற்றான். அதற்கு முன்பே இந்த மலைச்சரிவுகளெல்லாம் அவர்கள் காலடிக்குப் பழகியிருந்தன. அவர்கள் நடையைப் பற்றி அவர்களே எழுதிய பிரயாண நூல் நமக்கு ஒன்றும் கிட்டவில்லை.

பிரயாணத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டு என்பது, போனவன் திரும்பி வருவதற்கு ஒரு நாடு உண்டு என்னும் உறுதி. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரிடமிருந்து அந்த உறுதியைப் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. பதுளையிற் கோச்சி ஏறித் தலைமன்னாரிற் கப்பலேறியவர்களுக்குத் தாயகம் திரும்புவோர் என்று பெயர். பலர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்ணாற் கண்டதில்லை. நீலகிரிக்குச் சென்று மீண்டும் தேயிலை கொய்தவர்கள் உண்டு. இங்கு எஞ்சியோரின் நாடற்ற நிலை பெரிதும் நீங்கியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே.

பின்பு மற்றொரு பிரயாணம் தொடங்கியது. 1970களின் பிற்பகுதி முதல் இலங்கைப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்று வருகின்றனர். தோட்டத்துப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து குவைத்துக்குச் சென்று ஆறாண்டுகள் பணிபுரிந்து திரும்பிய அம்மையார் ஒருவரை நான் அறிவேன். கடலை அவர் முதன்முதலாகக் கண்டது விமானச் சன்னலூடாக. “கீழே பார்த்தேனுங்க மாஸ்டர், வானந்தான் கீழே கெடக்குதோன்னு பயந்துட்டேன்” என்றார். பாலைவனத்து மணற்காற்றை அவர் எனக்கு விளக்கிய விதம் மறக்க முடியாதது. நம் மலை மூடுபனியைப் போலத்தான் அதுவும்; பக்கத்தில் நிற்பவர் தெரியமாட்டார்; ஆனால் பனி குளிரும், மணல் உறுத்தும் என்றார். இவ்வளவு நுட்பமாகக் கண்ட ஒருவர் ஊர் திரும்பியபோது, என்ன கொண்டு வந்தாய் என்றே எல்லாரும் கேட்டார்களாம். என்ன கண்டாய் என்று கேட்டவர் ஒருவருமில்லை.

அங்கே பல பெண்கள் அடைந்த துன்பத்தை மறைத்து இதனை உல்லாசப் பிரயாணமாக்குவது என் நோக்கமன்று. வறுமை துரத்தியே அவர்கள் சென்றார்கள். எனினும் வறுமையாற் சென்றவருக்குப் பார்வை இல்லாமற் போய்விடுமா? மொழியறியாத தேசத்திற் தனியே இறங்கி, அம்மொழியைக் கற்று, அந்நாட்டார் வீட்டின் அடுக்களைவரை கண்டு திரும்பியவர், விடுதியில் மூன்று நாள் தங்கி வந்தவரினும் எவ்வகையிற் குறைந்த பிரயாணி?

இனி, அண்மையில் உள்ளவற்றைப் பார்ப்போம். அயல்நாட்டு யுவதி ஒருத்தி தெமோதரைத் தண்டவாளத்தோரம் தனியே நடந்தால் அவள் துணிவை மெச்சுகிறோம். நம் லயத்துப் பெண் நமுனுகுலை மலையைத் தனியே பார்த்துவரப் புறப்பட்டால், எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், ஏன் போகிறாய் என்று மூன்று கேள்விகள் எழுகின்றன. ஊர் ஊராய்த் தனியே நடந்த ஔவையைப் போற்றும் சமூகம் நம்முடையது. ஆனால் அக்கதையை மறுமுறை நினைவுகூர்க. இளமையை நீக்கி முதுமையைத் தரும்படி ஔவை பிள்ளையாரை வேண்டிக்கொண்டாள் என்கிறது கதை. கிழவியான பின்னரே நம் கற்பனை அவளுக்கு வழிவிட்டது. படித்த பெண்களைக் கொண்ட இக்காலத்திலும் நாம் அதே விலையைக் கேட்கலாமா?

பெற்றோரின் அச்சம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். மாலை பஸ் தவறினால் அடுத்தது கிடைப்பது அரிது. தேயிலைக்குள் குளவிக் கூடுகள் உண்டு. மழைக்காலத்தில் மண் சரியும். மனிதர்களின் நடத்தையோ இவற்றிலும் கொடியதாக இருப்பதுண்டு. ஆனால் இவையெல்லாம் பாதையின் குறைகள். பாதையைத் திருத்துவதை விடுத்து நடப்பவளை வீட்டில் இருத்துவது நீதியாகாது. அன்றியும், அதே பெண் கொழும்புக்கு வேலைக்குத் தனியே செல்லும்போது இந்த அச்சம் எங்கே போய்விடுகிறது? சம்பாதிக்கச் சென்றால் சம்மதம், பார்க்கச் சென்றால் தடை என்பதுதானே இதன் பொருள்?

பிரயாணம் பணம் படைத்தவர் விவகாரம் என்பாரும் உளர். அவர்களுக்கு ஏ. கே. செட்டியாரைச் சுட்டுவேன். காந்தியடிகளின் வாழ்க்கைப் படத்துக்காகக் கண்டங்களைக் கடந்து அலைந்தவர். உலகம் சுற்றும் தமிழன் என்று பெயர் பெற்றவர். அவரே பின்னாளில், தமிழ்நாட்டு ஊர்களுக்குச் சென்றவர்கள் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். பாரெங்கும் சுற்றியவர் பக்கத்து ஊரை அற்பமாக எண்ணவில்லை.

நமக்கும் பக்கத்தில் காண்பதற்குக் குறைவில்லை. தெமோதரையில் புகையிரதப் பாதை வளைந்து சென்று தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடு வெளிவருகிறது. பதுளை மாணவர் எத்தனை பேர் அதனை நின்று பார்த்திருக்கிறார்கள்? தோட்டங்களுக்குப் பலகையில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு பெயரும் உண்டு. மலைக்கு மலை நம்பரும் உண்டு, அந்த நம்பருக்குள் மறைந்த கதையும் உண்டு. இவை முதியோர் நினைவில் மட்டும் வாழ்கின்றன. கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்தது. லயங்களும் அவற்றில் வாழ்ந்த பலரும் மண்ணுள் மறைந்தனர். ஓர் ஊர் ஒரு காலைப்பொழுதில் இல்லாமற் போகக்கூடிய நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில், கண்டவற்றை எழுதிவைப்பது பொழுதுபோக்கு அன்று, கடமை.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். போகாத சிகிரியாவை மாணவர் மனப்பாடமாக எழுதுகிறார்கள். நாமும் புள்ளி வழங்குகிறோம். அடுத்த முறை, அடுத்த தோட்டம் வரை சென்று வந்து எழுதச் சொல்லுங்கள். கடல்கடந்து உழைத்துத் திரும்பிய தாயிடமோ சிற்றன்னையிடமோ என்ன கண்டீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆண்பிள்ளைக்கு விதிக்காத தடையைப் பெண்பிள்ளைக்கும் விதியாதீர்கள். அக்கட்டுரைகளிற் பிழைகள் இருக்கலாம், நடை தடுமாறலாம். ஊவாவைப் பற்றி ஊவாவில் வாழ்வோர் எழுதியதாக அவை இருக்கும். இருநூறு ஆண்டுகளாக நாம் காத்திருக்கும் பிரயாண நூல் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.