மூன்று நிமிடச் சாட்சி

சாட்சி சொல்வது ஓர் இலக்கிய வடிவம் என்றால் என் சபையில் கோபப்படுவார்கள். இலக்கியம் படிக்கிற நண்பர்கள் சிரிப்பார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவன். மதத்தை விட்டு ஓடிவந்தவனின் வாக்குமூலம் கிடைக்கும் என்று வந்தவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

இருபது வயதில் நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு சீஷத்துவப் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். இந்த மாதிரிப் பள்ளிகள் பல நாடுகளில் உண்டு. மூன்று மாதம் அங்கேயே தங்கிப் படிப்பு, பிறகு இரண்டு மூன்று மாதம் வேறொரு நாட்டில் ஊழியம். கட்டணத்தை நாமே சபைக்கும் சொந்தக்காரர்களுக்கும் கடிதம் எழுதித் திரட்ட வேண்டும். நான் போனது ஜூலையில். கெடாக்காரனுக்குக் குளிர் என்றால் கேமரன் மலைதான். இது வேறு. காலை ஆறரைக்கு எழுந்து பைபிளும் நோட்டுமாகத் தனியே உட்காரவேண்டும். எனக்குக் கிடைத்த வேலை பாத்திரம் கழுவுவது. சுடுதண்ணியில் கை வைத்துக்கொண்டு நிற்கலாம் என்பதால் அந்த வேலைக்கு அடிபிடி.

முதல் நாள் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மாவோரி முறைப்படி எங்களை வரவேற்றார்கள். மூக்கோடு மூக்கு, நெற்றியோடு நெற்றி வைத்து மூச்சைப் பகிர்ந்துகொள்கிற வணக்கம். பிறகு ஒவ்வொருவரும் தன்னை அறிமுகப்படுத்த வேண்டும். அதற்கு அவர்களிடம் 'பெபெஹா' என்று ஒரு முறை இருக்கிறது. உன் மலை எது, உன் ஆறு எது, உன் முன்னோர் வந்த படகு எது, உன் சனம் யார் என்று வரிசையாகச் சொல்லவேண்டும். சொந்தப் பெயர் கடைசியில்தான். நான் திருதிருவென்று முழித்தேன். அப்புறம் தானாக வந்தது. என் மலை குனோங் ஜெராய். என் ஆறு மெர்போக். என் படகு ரஜூலா கப்பல், பாட்டியின் அப்பா நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியது. என் சனம் பெடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்த மாவோரிப் பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிவில் தன் மொழியில் ஜெபித்தார். அவரும் கிறிஸ்தவர்தான். 1868லேயே முழு பைபிளும் அவர் மொழியில் அச்சாகிவிட்டது. முன்னோரைச் சொல்வதும் ஜெபிப்பதும் அவருக்கு ஒரே மூச்சில் வந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி எங்களிடம் சாட்சி கேட்டார்கள். மூன்று நிமிடம். முன்பு நான் யார், இயேசு எப்போது வந்தார், இப்போது நான் யார். இந்த மூன்று பத்திகளுக்குள் வாழ்க்கை அடங்கவேண்டும். முதல் பத்தி எவ்வளவு இருட்டோ மூன்றாம் பத்தி அவ்வளவு வெளிச்சம். குழுத் தலைவர் தங்கமான மனுஷர், சாக்ஸ் இல்லாத எனக்குத் தன் சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தவர். அவர் கேட்டார்: "உங்கள் வீட்டில் விக்கிரக வழிபாடு இருந்ததா?" இருந்தது. பாட்டி வீட்டுப் பின்னால் மரத்தடியில் முனியாண்டி. சூலம், கல், விளக்கு, வெள்ளிக்கிழமை சுருட்டு. "அதிலிருந்து தொடங்கலாமே" என்றார்.

தொடங்கினேன். பாட்டி பேயைக் கும்பிட்டாள், வீட்டில் இருள் சூழ்ந்தது, அப்பா குடித்தார், அம்மா அழுதாள், இயேசு வந்தார். கேட்டவர்கள் அழுதார்கள். தோளில் கை வைத்து ஜெபித்தார்கள். எனக்கு நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை. நான் எழுதிய எந்தக் கதைக்கும் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. மறுநாளே அதைக் கடிதமாக்கி ஊருக்கு அனுப்பினேன். பணம் வந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவைக் குடிக்க வைத்தது முனியாண்டி இல்லை, சம்சு. லயத்துக்குப் பக்கத்திலேயே சல்லிசாகக் கிடைத்த சம்சு. தோட்டத்தை விற்றார்கள், வேலை போனது, வீடு போனது, அப்பா இன்னும் குடித்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய் எங்களுக்குச் சோறு போட்டவள் பாட்டி. தோட்டம் போனபிறகு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிப் போட்டவளும் அவள்தான். பக்கத்து வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தபோது அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்ததும் அவள்தான். "எந்தச் சாமியா இருந்தா என்னா, இவன் குடிய நிறுத்தட்டும்." அப்பா நிறுத்தினார். பாட்டி வீட்டுக்கு வந்து முனியாண்டிக்கு விளக்கு ஏற்றினாள்.

என் மூன்று நிமிடத்தில் இதற்கு இடமில்லை. இடமில்லாமல் போனது தற்செயலும் இல்லை. அந்த வடிவத்துக்கு ஒரு இருள் தேவை. அந்த இருளில் முதலாளி வரக்கூடாது, சாராயக் கடைக்காரன் வரக்கூடாது, கம்பெனிக் கணக்கு வரக்கூடாது. வந்தால் கதை மூன்று நிமிடத்தில் முடியாது, கேட்பவனுக்கு அழுகையும் வராது. ஒரு கிழவியும் ஒரு கல்லும் என்றால் சௌகரியம். குற்றம் தோட்டத்தைவிட்டு மரத்தடிக்கு நகர்ந்துவிடுகிறது.

இது வேதத்தில் உள்ள முறை என்று சொல்லாதீர்கள். சாட்சிக்கெல்லாம் முன்மாதிரி பவுல்தானே? அப்போஸ்தலர் 22ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் கொல்ல வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசுகிறார். எடுத்ததும் நான் யூதன், தர்சுவில் பிறந்தவன், கமாலியேலிடம் படித்தவன் என்கிறார். கிட்டத்தட்ட பெபெஹா. தான் செய்த கொடுமையைத் தன் பேரில் சொல்கிறார், வாத்தியார் தலையில் கட்டவில்லை. அட, நம்மாளையே பாருங்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் எடுத்தார். கம்பனைக் கழுவி ஊற்றிவிட்டா 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதினார்? கம்பனைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் சபைக்குள் போனார். அதனால்தான் அவரைக் கிறித்தவக் கம்பர் என்கிறோம். அந்தப் பள்ளியில் என்னோடு இருந்த இன்னொரு மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு அவர் பெயரே தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

இதைப் படித்துவிட்டுக் கைதட்டப் போகிற இலக்கிய நண்பர்களுக்கும் ஒன்று. நீங்கள் வைத்திருக்கிற கதையும் மூன்று பத்திதான். ஏழைத் தமிழன், அரிசி மூட்டையோடு வந்த பாதிரி, தொலைந்துபோன பண்பாடு. அதிலும் என் பாட்டி இல்லை. மகனைத் தானே சபையில் கொண்டுபோய்விட்ட கிழவியை உங்களுக்கும் வைக்கத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு அரிசி வரவில்லை. அப்பா சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

என் கடிதத்தைச் சபையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. அத்தை மகன் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறான். அந்த வாரம் தொலைபேசியில் பாட்டி, "என்னடா, நம்ம சாமிய பேயின்னு எழுதிட்டியாமே" என்றாள். எனக்கு வாய் வரவில்லை. "அங்க குளிராமே, சாப்டியா?" என்றாள்.

ஆறாவது வாரம் திரும்பச் சாட்சி சொல்லும் முறை வந்தது. எல்லாவற்றையும் எழுதிக் குழுத் தலைவரிடம் கொடுத்தேன். ரஜூலா, சம்சு, ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துப்போன கை, அன்று ராத்திரி ஏற்றிய விளக்கு. அவர் பொறுமையாகப் படித்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். நேரம் மூன்று நிமிடம்தான், பாட்டி பகுதியை எடுத்துவிட்டால் சரியாக வரும் என்றார்.