செட்டிபாளையத்தைக் கடக்கும் உம்றா வேன்கள்

றமழான் பிறந்துவிட்டால் எமது கரையோரப் பாதையில் உம்றா வேன்கள் ஓடத் தொடங்கிவிடும். சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் ஏறுகின்றவர்கள் கல்லாறு, களுவாஞ்சிகுடி, களுதாவளை, தேத்தாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம் என்று தாண்டி, காத்தான்குடியில் சொந்தங்களுக்கு ஸலாம் சொல்லி, மட்டக்களப்பு வழியாகக் கட்டுநாயக்காவுக்குப் போகிறார்கள். என் மாமா ஒருவரை வழியனுப்ப நானும் அப்படியொரு வேனில் போனேன். அவருக்கு அது நான்காவது றமழான் உம்றா. செட்டிபாளையத்தைத் தாண்டும்போது வேனுக்குள் ஸலவாத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குருக்கள்மடத்தில் எவரும் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

விமான நிலையத்தில் வைத்துத்தான் கேட்டேன். "மாமா, குருக்கள்மடத்தால வந்தமே, ஒரு பாத்திஹா ஓதினீங்களா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு மருமகன், நல்ல காரியத்துக்குப் போற நேரம்" என்றார்.

மாமா நல்ல மனிதர். அவர் ஒருவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பதில் எமது சமூகத்தின் பதிலாக இருப்பதனால் எழுதுகிறேன்.

1990 ஜூன் மாதம் மீண்டும் யுத்தம் மூண்டது. அந்த ஆண்டு ஹஜ்ஜும் துயரமான ஹஜ்தான். ஜூலை 2ஆம் திகதி மினாவின் சுரங்கப்பாதை நெரிசலில் 1426 பேர் மாண்டனர். பத்து நாட்களின் பின், ஜூலை 12ஆம் திகதி, ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர்களும் வியாபாரத்துக்காகப் போய்வந்தவர்களும் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடியை நோக்கி இதே பாதையால் வந்தார்கள். செட்டிபாளையத்தைத் தாண்டினார்கள். குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகள் வாகனங்களை மறித்து அவர்களை இறக்கினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வீடு வந்து சேரவில்லை. வீட்டுக்கு இன்னும் சில மைல்களே இருந்தன.

மூன்று வாரங்களின் பின், ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுக்குக் கப்ருகள் உண்டு. ஆண்டுதோறும் ஷுஹதாக்கள் தினமும் உண்டு. குருக்கள்மடத்தில் இறக்கப்பட்ட ஹாஜிமாருக்கு எந்த மையவாடியிலும் ஒரு மீஸான் கல் இல்லை.

இனி உம்றாவுக்கு வருவோம். றமழானில் செய்யும் உம்றா ஒரு ஹஜ்ஜுக்கு நிகரான நன்மை உடையது என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? அன்ஸாரிப் பெண் ஒருவருக்கு. ஓர் அறிவிப்பில் உம்மு ஸினான் என்று பெயரும் வருகிறது. எங்களோடு ஹஜ்ஜுக்கு ஏன் வரவில்லை என்று நபியவர்கள் விசாரிக்கிறார்கள். வீட்டில் இருந்தவை நீர் சுமக்கும் இரண்டு ஒட்டகங்கள், ஒன்றில் கணவரும் மகனும் ஹஜ்ஜுக்குப் போய்விட்டார்கள், மற்றது வேலைக்குத் தேவைப்பட்டது என்கிறார் அந்தப் பெண். போக வழியில்லாமல் நின்ற ஒருத்திக்கு ஆறுதலாகப் பிறந்த சொல் அது. அதை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே ஹஜ்ஜும் பல உம்றாக்களும் முடித்தவர் ஐந்தாம் தடவைக்கும் பல இலட்சம் ரூபா கட்டுகிறார். அது எல்லாருக்கும் பொதுவான ஹதீஸ் என்று உலமாக்கள் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். பொதுவானது என்பதற்காக அது பிறந்த இடத்தை மறந்துவிடலாமா?

நபியவர்கள் நான்கு உம்றாக்கள் செய்தார்கள். ஒன்றேனும் றமழானில் அமையவில்லை. ஹிஜ்ரி 8இல், றமழானிலேயே மக்காவுக்குள் நுழைந்தார்கள். இஹ்ராம் உடையில் அல்ல, தலைக்கவசத்தோடு. ஊர் கைக்கு வந்துவிட்டது, கஃபா கண்முன்னே நிற்கிறது, மாதமோ றமழான். ஆனாலும் அந்த றமழானில் உம்றா செய்யவில்லை. சிலைகளை அகற்றுவதும், பயந்து நின்ற மக்களுக்கு மன்னிப்பை அறிவிப்பதும் அன்றைய வேலையாக இருந்தது. ஜிஃரானாவிலிருந்து உம்றா செய்தது பிறகு, துல்கஃதாவில். காலம் கேட்கும் கடமை எதுவென்று அறிந்து அதை முற்படுத்துவதும் ஸுன்னாதான்.

இமாம் கஸ்ஸாலி இதைப் பற்றி 900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்ளும் செல்வந்தர்களைப் பற்றி இஹ்யாவில் பேசும்போது, அண்டை வீட்டாரைப் பசியில் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப ஹஜ்ஜுக்குச் செலவழிப்போரை அவர் சுட்டிக்காட்டுகிறார். பிஷ்ருல் ஹாபியிடம் இரண்டாயிரம் திர்ஹத்தோடு வந்த ஒரு மனிதரின் கதையையும் சொல்கிறார். அந்தப் பணத்தைக் கடனாளிக்கும் ஏழைக்கும் அநாதையைப் பராமரிப்பவனுக்கும் கொடு என்கிறார் பிஷ்ர். மனம் பயணத்தையே நாடுகிறது என்கிறார் வந்தவர். பிஷ்ர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எமது வேன்களுக்கும் பொருந்தும்.

சட்டத்தைப் பார்த்தாலும் கணக்குத் தெளிவானது. திரும்பச் செய்யும் உம்றா ஸுன்னத்து. மையித்தை அடக்குவது பர்ளு கிபாயா. ஒருவர் செய்தால் எல்லாரும் தப்பலாம், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லாரும் பொறுப்பாளி. வலுவில்லாத காலத்தில் மன்னிப்பு உண்டு. யுத்தம் நடந்தபோது அந்தக் கடற்கரைப் பக்கம் போக முடியாது என்றோம், சரி. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. 2014இல் களுவாஞ்சிகுடி நீதிவான் நீதிமன்றம் அந்த இடத்தைத் தோண்ட உத்தரவிட்டது. அதற்குப் பின்னும் பத்தாண்டுகளுக்கு மேல் மணல் தொடப்படாமலே கிடந்தது. 2025இல்தான் காணாமல் போனோர் அலுவலகம் மூலம் விவகாரம் மீண்டும் நீதிமன்றுக்கு வந்தது. இடைப்பட்ட றமழான்களில் எத்தனை வேன்கள் அந்த நீதிமன்றத்துக்கு அருகால் போயிருக்கும்!

"அது அரசாங்கத்தின் வேலை" என்பார்கள். எமது ஊரில் பள்ளிக்கு மினாரா கட்டுவதும் அரசாங்கத்தின் வேலை அல்ல, கட்டிவிட்டோமே. "பழையதைக் கிளறினால் தமிழர்களோடு மீண்டும் பகைவரும்" என்பார்கள். இந்தப் பேச்சு செட்டிபாளையத்துத் தமிழனையும் அவமதிக்கிறது. அதே 1990 செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் இராணுவத்திடம் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அவனுடைய இனத்தவர்கள். பிள்ளையின் எலும்பைத் தேடும் தாயின் மனதை அவனுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. எமது மையித்துகளைக் கேட்கும்போது அவர்களுடையவற்றுக்காகவும் சேர்ந்து கேட்க வேண்டும். அப்போதுதான் எமது கோரிக்கைக்கு வாய்மை வரும்.

றமழான் உம்றாவை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. முதல்முறை போகும் ஏழை உம்மாவுக்கு என் ஸலாம். ஏற்கெனவே போய்வந்தவர் ஒரேயொரு றமழானை விட்டுத்தாருங்கள். அந்தக் காசில் வழக்குச் செலவைப் பாருங்கள். அந்த வேன்களில் வந்தவர்களின் விதவைகளில் இன்னும் உயிரோடிருப்பவர்களின் மருந்துச் செலவைப் பாருங்கள். களுவாஞ்சிகுடி நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கப்படும் நாளில் ஒரு வேன் ஆட்களாவது போய் நில்லுங்கள்.

இந்தச் சஞ்சிகையின் எழுத்தாளர்களுக்கும் ஒரு கேள்வி. உம்றாப் பயணக் கட்டுரைகள் எழுதுகிறோம். மதீனாவின் பேரீச்ச மரங்களைப் பாடுகிறோம். குருக்கள்மடத்தில் இறக்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயர், வாப்பாவின் பெயர், தொழில், கடைசியாகச் சொன்ன சொல் ஆகியவற்றை வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதியவர் எம்மில் எத்தனை பேர்? 1990இல் முப்பது வயதாயிருந்த சாட்சி இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். எமக்காக அவருடைய மௌத்து காத்திருக்காது.

மாமா ஸம்ஸமும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். அவற்றை வாங்கி வைத்தேன். அவர் அன்று திரும்பி வந்ததும் செட்டிபாளையம், குருக்கள்மடம் வழியாகத்தான். இஹ்ராமைக் கழற்றிய ஒருவர் அந்த இடத்தைப் பத்திரமாகக் கடந்து வீடு சேர்ந்தார். அதே இடத்தைக் கடக்க முடியாமற்போன ஹாஜிகளின் கடன் எம் கழுத்தில் கிடக்கிறது. அடியார்களின் உரிமையை உம்றா அழிக்காது என்று எமக்குச் சின்ன வயதில் ஓதித்தந்திருக்கிறார்கள்.