நீளம் இருக்கு, அகலம் எங்கடா?

எங்க காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல முகூர்த்தப் புடவை எடுக்க வர்றவங்களைப் பாத்திருக்கீங்களா? பத்து பேரா வருவாங்க. புடவையைப் பிரிச்சு வெளிச்சத்துல காட்டச் சொல்வாங்க, முந்தானையைத் தடவிப் பாப்பாங்க, ஜரிகை எப்படி, கோர்வையான்னு துருவுவாங்க. அரை நாள் போயிடும். அது வருஷத்துக்கு ஒரு தடவை கட்டப்போற புடவை. தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓடப்போற ஷூவை மட்டும் பத்து நிமிஷத்துல வாங்கிடறோம். "எட்டாம் நம்பர் குடுங்க", அவ்ளோதான்!

நானும் அப்படித்தான் வாங்கினேன். ரெண்டே வாரத்துல சுண்டுவிரல்ல கொப்புளம். சரி, சின்னதா போச்சுன்னு ஒன்பது வாங்கினேன். விரலுக்கு இடம் கிடைச்சது, ஆனா குதிகால் கழண்டுகிட்டே வந்தது. கால் முன்னாடி சறுக்கிச் சறுக்கி கட்டைவிரல் நகம் கறுத்துப்போச்சு. நம்ம உடம்புக்கு ஓட்டமெல்லாம் ஒத்துவராதுன்னு முடிவு பண்ணி ரெண்டு மாசம் விட்டுட்டேன்.

அப்பா தறிக்காரர். குழித்தறியில நாப்பது வருஷம் வெறுங்காலால மிதிச்சவர். ஒருநாள் அந்த ஷூவைக் கவுத்துப் பாத்துட்டு, "நீளம் இருக்கு, அகலம் எங்கடா?"ன்னார். எனக்கு சுருக்குன்னு இருந்தது. அவ்ளோ நாள் நீளத்தை மட்டும்தானே பாத்திருக்கேன்!

அப்பா சொன்னதையேதான் சென்னையில இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சொல்லுது. 2021 டிசம்பர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும், நாடு முழுக்க 79 இடங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஆட்களோட காலை அளந்தாங்க. நம்ம கால் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களை விட அகலம்னு தெரிஞ்சது. நாம கேக்கற அந்த எட்டு, ஒன்பதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல வந்த இங்கிலாந்து அளவு. அகலம் பத்தாம, நீளத்தைக் கூட்டி வாங்கி லொடலொடன்னு போட்டுக்கறோம். நம்ம காலுக்குன்னு 'பா'ங்கற புது அளவுமுறையை சிபாரிசு பண்ணியிருக்கறதா 2024ல செய்தி வந்தது. பாரத்ல வர்ற 'பா'வாம்.

நல்ல விஷயம்தான். ஆனா பெட்டி மேல எந்த நம்பர் போட்டாலும், நம்பரை நம்பாதீங்க, காலை நம்புங்க. நான் இப்ப பண்றது இதான்:

சாயங்காலமா கடைக்குப் போறேன். பகல் முழுக்க நின்னு நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் ஆகும். ஓடப் போட்டுக்கற அதே சாக்ஸைப் போட்டுக்கறேன். வீட்லயே பேப்பர் மேல நின்னு, ரெண்டு காலையும் சுத்தி கோடு போட்டு எடுத்துட்டுப் போறேன். கடையில ஷூவுக்குள்ள இருக்கற இன்சோலை உருவி அந்தப் படத்து மேல வைக்கணும். கோடு வெளிய வழிஞ்சா அந்த ஷூ வேண்டாம். மாட்டிட்டு எழுந்து நின்னா, பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், குதிகால் அசையக்கூடாது. ஆம்பளை ஷூவுல 2இ, 4இன்னு போட்டிருந்தா அகலமானதுன்னு அர்த்தம்.

"சார், உங்களுக்குத் தட்டைக்கால், அதுக்குன்னு தனி ஷூ இருக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க. அமெரிக்கப் படையில புதுசா சேர்ந்தவங்களுக்கு பாதத்தோட வளைவைப் பாத்து ஷூ குடுத்து 2009லயும் 2010லயும் வெளிவந்த ஆய்வுகள்ல, அதனால காயம் குறைஞ்சதா தெரியல. போட்டு நாலு அடி ஓடிப் பாருங்க. சௌகரியமா இல்லாததை, போகப் போக சரியாயிடும்னு சொன்னா கேக்காதீங்க.

வெறுங்காலே போதுமேன்னு சிலர் சொல்வாங்க. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தான்ல அபேபே பிகிலா வெறுங்காலோட ஜெயிச்சார், வாஸ்தவம். 1964 டோக்கியோல அதே மனுஷன் ஷூ போட்டு, மூணு நிமிஷம் முன்னாடியே வந்து மறுபடி ஜெயிச்சதையும் சேத்துச் சொல்லணும் இல்லையா?

எனக்கு நகம் போச்சு, திரும்ப முளைச்சிடுச்சு. அப்பாவுக்கு இப்ப சர்க்கரை. தினமும் நடங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். சர்க்கரைக் காலுக்கு ஒரு கொப்புளம் எங்க கொண்டுபோய் விடும்னு சொல்ல வேண்டியதில்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஷூ வாங்கப் போறோம், பேப்பரும் பென்சிலுமா. அரை நாள் ஆனாலும் பரவால்ல :-)