நோயாளியிடம் நோயை மறைக்கச் சொல்லும் குடும்பங்கள்: எங்கள் நிலைப்பாடு

புற்றுநோய் என்று உறுதியான பிறகு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று மகனோ மகளோ கேட்டால் மருத்துவரும் செவிலியரும் என்ன செய்ய வேண்டும்? தமிழ்நாட்டில் வலி தணிப்புச் சிகிச்சையில் ஈடுபட்டுள்ள மருத்துவர்கள், செவிலியர்கள், தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பில் இந்தக் கேள்வி எழாத வாரம் இல்லை. இதுவரை அவரவர் மனசாட்சிப்படி நடந்துவந்தோம். ஒரே வார்டில் ஒருவர் மறைக்க, இன்னொருவர் சொல்ல, நோயாளி இருவருக்கும் நடுவே திண்டாடினார். அதனால் உறுப்பினர்கள் கூடி விவாதித்து எட்டிய பொது நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகிறோம்.

நோயைப் பற்றிய செய்தி முதலில் நோயாளிக்கு உரியது. அதை எவ்வளவு, எப்போது, யாரை உடன் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எதுவும் தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை. ஆனால் அவர் நேருக்கு நேர் கேட்கும்போது, குடும்பத்தார் எவ்வளவு வேண்டிக்கொண்டிருந்தாலும், எங்கள் உறுப்பினர் எவரும் பொய் சொல்ல மாட்டார்.

குடும்பத்தாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வார்டுக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பவர்கள் அவர்கள். காப்பீட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைவதும், நகையை அடகு வைப்பதும், சாப்பிட மறுக்கும் வாய்க்குக் கஞ்சி ஊட்டுவதும் அவர்கள்தான். "தெரிஞ்சா மனசு விட்டுருவாரு" என்று அவர்கள் சொல்லும்போது அந்த அச்சம் உண்மையானது. அதோடு, மறைக்கும் வழியை அவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதே பல நேரம் மருத்துவமனைதான். சதைப் பரிசோதனை முடிவு வந்ததும் "பெரியவர் வெளியே உக்காரட்டும், நீங்க மட்டும் உள்ள வாங்க" என்று கூப்பிடுவது யார்? அந்தக் கதவு சாத்தப்பட்ட நொடியிலேயே செய்தி கைமாறிவிடுகிறது. அதற்குப் பிறகு, சொல்வதா வேண்டாமா என்ற பாரத்தை மகன் தலையில் ஏற்றிவிட்டு, மகன் மறைக்கச் சொல்கிறான் என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

மறைத்தபின் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் நாங்கள். வயிற்றில் புண் என்று சொல்லி அழைத்து வந்தவருக்குக் கீமோ ஏறுகிறது, முடி கொட்டுகிறது, பிறகு கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தன் நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார். மருத்துவமனையின் பெயர்ப்பலகையும் கோப்பின் மேலட்டையும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்குப் போதும். படிக்கத் தெரியாதவருக்கு வீட்டாரின் முகம் போதும். மகள் வருந்துவாளே என்று அப்பா கேட்பதில்லை. அப்பா உடைந்துபோவாரே என்று மகள் சொல்வதில்லை. இருவருக்கும் தெரிகிறது, இருவரும் நடிக்கிறார்கள். அண்ணன் தம்பி பகையை முடித்துக்கொள்ள வேண்டும், பத்திரத்தை யார் பெயரில் மாற்றுவது, கடைசியாக ஒருமுறை சொந்த ஊர்க் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பன போன்ற பேச்சுகள் எழுவதற்கான வாரங்கள் அப்படியே போய்விடுகின்றன. நோயாளி இறந்த பிறகு நாங்கள் வீட்டுக்குப் போகும்போது, "அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே" என்று பலர் எங்களிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

இதில் பொதுவாகக் கண்ணில் படாத ஒன்று உண்டு. பொய்யை முடிவு செய்பவர்கள் தலைமை மருத்துவரும் குடும்பமும். அதைச் சொல்ல வேண்டியிருப்பதோ இரவுப் பணியில் இருக்கும் செவிலியர். பகலில் ரவுண்ட்ஸ் வரும்போது பத்துப் பேர் சூழ நிற்கும் மருத்துவரிடம் நோயாளி கேட்பதில்லை. விடிய இன்னும் நேரமிருக்கும்போது, டிரிப்ஸ் மாற்ற வரும் பெண்ணிடம்தான் மெல்லக் கேட்கிறார்: "எனக்கு என்னம்மா வந்திருக்கு? பொழைப்பனா?" சில நேரம் படுக்கையைச் சுத்தம் செய்யும் ஆயாவிடம் கேட்கிறார். சம்பளமும் அதிகாரமும் குறைந்தவர்கள்மீது, அவர்களைக் கேட்காமலேயே ஒரு பொய்யைச் சுமத்துவது தொழில் நெறிக்கு முற்றிலும் மாறானது. சொல்லவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர்கள் அந்தக் கட்டிலையே தவிர்க்கத் தொடங்குகிறார்கள். ஆள் துணை மிகவும் தேவைப்படும் நேரத்தில் நோயாளியிடமிருந்து ஆட்கள் விலகிப்போகிறார்கள். இந்த நிலைப்பாட்டை வெளியிட எங்களைத் தூண்டிய காரணங்களில் முதன்மையானது இதுதான்.

பெண்களைப் பொறுத்தவரை இது இன்னும் கூர்மையான அநீதி. கணவருக்கு நோய் என்றால் பெரும்பாலும் எப்படியாவது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுப் பொருளாதாரமே அவரைச் சுற்றி இயங்குவதால் மறைப்பது கடினம். மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் கணவர், மாமியார், நாத்தனார், கணவரின் அண்ணன் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அவளுக்குத் தெரிந்திருக்காது. எந்தச் சிகிச்சை, எந்த ஊரில், எவ்வளவு செலவில், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவள் இல்லாத அறையில் முடிவாகும். அவள் நகைதான் விற்கப்படும், எதற்கு என்று அவளுக்குச் சொல்லப்படாது. அன்பினால் மறைக்கிறோம் என்ற விளக்கத்தை இங்கே நாங்கள் ஏற்பதில்லை.

சட்டமும் ஓரளவு எங்கள் பக்கம் நிற்கிறது. ஒரு பெண்ணுக்குப் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்திருந்த நேரத்தில், வெளியே இருந்த தாயின் ஒப்புதலை மட்டும் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய வழக்கில், 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவருக்குப் பதிலாக வேறொருவர் தரும் ஒப்புதல் செல்லாது, உயிர் காக்கும் அவசரம் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. நோயின் பெயரே தெரியாதவரிடம் வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி இதிலிருந்து தானாகவே எழுகிறது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டு, நீதித்துறை நடுவருக்குப் பதிலாக நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் சான்றளித்தால் போதும் என்றானது. தன் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாத ஒருவர் இந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவார்?

ஆனால் 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறைகளில் ஒரு தளர்வு இருக்கிறது. நோயின் கடுமையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது என்று 2.3 பிரிவு தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே, நோயாளியோ உறவினரோ பொறுப்புள்ள நண்பரோ, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் அளவுக்கு அறிந்திருப்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. நோயாளி, உறவினர், நண்பர் மூவரும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதால், மகனிடம் சொன்னாலே கடமை முடிந்தது என்று மருத்துவர் எண்ண இடமிருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டு, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்தது. அடுத்து எழுதப்படும் விதிகளில் இந்த வரிசை மாற வேண்டும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம குடும்பம் வேற" என்று மருத்துவர்களே சொல்லக் கேட்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1961-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். அவர்கள் சொன்ன காரணமும் நம் ஊரில் சொல்லும் அதே காரணம்தான்: நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார். 1979-இல் அமெரிக்க மருத்துவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே ஆண்டுகள். ஜப்பானில் 1989-இல் பேரரசர் ஹிரோஹிட்டோ முன்சிறுகுடல் புற்றுநோயால் இறந்தபோது, அந்த நோயின் பெயர் அவர் மறைவுக்குப் பின்பே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த நாட்டிலும் இன்று நோயாளியிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. மறைப்பது எங்கும் இருந்த பழக்கம். சிகிச்சையும் வலி நிவாரணமும் வளர வளர, நோயாளிகளே கேட்கத் தொடங்க, மெல்ல விலகிய பழக்கம்.

திருக்குறளை எடுத்துக்காட்டுபவர்களும் உண்டு. வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வள்ளுவர் சொல்வதை நாங்கள் மதிக்கிறோம். கொலைகாரன் தேடி வந்தாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் வாதிட்ட ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட்டின் வழி எங்களுடையது அன்று. ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்க மறுத்துப் பொய் சொல்பவரை நாங்கள் போற்றுவோம். ஆனால் குறள் வைக்கும் நிபந்தனை மிகக் கடுமையானது. நன்மை வேண்டும், அதில் குற்றம் கலந்திருக்கவும் கூடாது. நோயாளியின் கடைசி மாதங்களை அவருக்குத் தெரியாமல் பிறர் திட்டமிடுவதற்கு உதவும் பொய், சொல்பவரின் தர்மசங்கடத்தைத் தீர்க்கும் பொய், இரவுச் செவிலியரை வாயடைக்க வைக்கும் பொய் ஆகிய எதுவும் அந்த நிபந்தனையைத் தாண்டுவதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொல்வது என்றால் முகத்தில் அறைந்தாற்போல் சொல்வது என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். "நாலாவது ஸ்டேஜ், மூணு மாசம்தான்" என்று நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போகும் மருத்துவரும் தவறு செய்கிறார், சில நேரம் மறைப்பவரைவிடப் பெரிய தவறு. நாள் கணக்குச் சொல்வதை எங்கள் உறுப்பினர்கள் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கணக்கு பெரும்பாலும் தவறிப்போகிறது. கெட்ட செய்தியைச் சொல்வதற்கு 2000-இல் வெளியான 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறை பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. அதில் செய்தியைச் சொல்வது நான்காவது படியில்தான் வருகிறது. முதலில் அமைதியான இடம், பிறகு நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, அதன்பின் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது. நாங்கள் இதைத் தமிழில் எளிய கேள்விகளாகக் கேட்கிறோம்: "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைச்சிருக்கீங்க?" "ரிசல்ட் வந்ததும் விவரமெல்லாம் உங்ககிட்டயே பேசட்டுமா, இல்ல வீட்ல யார்கிட்டயாவது பேசணுமா?" இந்த இரண்டாவது கேள்வியைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். முடிவு வந்த பிறகு கேட்டால் அந்தக் கேள்வியே செய்தியாகிவிடும். "எல்லாம் பெரியவன் பாத்துக்குவான், என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று ஒரு பாட்டி சொன்னால், அதைக் கோப்பில் எழுதிக்கொண்டு பெரியவனிடம் பேசுவோம். அவர் மனம் மாறினால் எந்த நாளும் கேட்கலாம் என்றும் அவரிடம் சொல்லிவைப்போம்.

குடும்பத்தாரிடம் நாங்கள் சொல்லப்போவது இதுதான்: "அவர் கேக்காத எதையும் நாங்க திணிக்க மாட்டோம். கேட்டார்னா பொய் சொல்ல மாட்டோம். அவர் கேக்கும்போது நீங்களும் பக்கத்துல இருங்க." இப்படிச் சொன்னதும் பல குடும்பங்களில் ஒரு பெருமூச்சு எழுவதைப் பார்த்திருக்கிறோம். தாங்களே சொல்ல வேண்டியதில்லை என்பதே அவர்களுக்கு ஆறுதல். தற்கொலை எண்ணம் வந்துவிடுமோ என்று அஞ்சும் குடும்பங்களின் கவலையைத் தட்டிக்கழிக்க மாட்டோம். நோயாளி ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தால் மனநல மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு, வலியை முதலில் கட்டுப்படுத்திவிட்டு, படிப்படியாகப் பேசுவோம். தானாகத் தாளைப் படித்துத் தனியாகத் தெரிந்துகொள்ளும் நிலைதான் எங்களுக்கு இதைவிட அதிகம் கவலை தருவது. குழந்தைகள், மறதி நோயாளிகள், நினைவு தப்பியவர்கள் குறித்துத் தனி வழிகாட்டுதல் தேவை. இந்த அறிக்கை அவர்களைப் பற்றியதன்று.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் முழு உடன்பாடு ஏற்படவில்லை. "அடுத்த மாசம் மக கல்யாணம், அது முடியட்டும்" என்று கேட்கும் குடும்பத்துக்குக் காத்திருக்கலாமா? காத்திருப்பதும் மறைப்பதுதான் என்றனர் உறுப்பினர்களில் சிலர். தனக்கு நாள் குறைவு என்று தெரிந்தால் அந்தத் தகப்பன் கல்யாணத்தையே முன்னதாக வைக்கச் சொல்லியிருக்கலாம் அல்லவா என்பது அவர்கள் வாதம். பெரும்பான்மை முடிவு இது: நோயாளி கேட்காமல் இருந்து, அவர் எடுக்க வேண்டிய சிகிச்சை முடிவும் அந்த இடைவெளியில் இல்லையென்றால் காத்திருக்கலாம். இரண்டில் ஒன்று மாறினாலும் காத்திருக்கக் கூடாது. மாறுபட்ட கருத்துடைய உறுப்பினர்கள் தங்கள் வாதத்தைப் பதிவு செய்யுமாறு கேட்டார்கள், அதனால் இங்கே குறிப்பிடுகிறோம்.

மருத்துவமனை நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. புறநோயாளிப் பிரிவில் கதவு சாத்திப் பேச ஒரு சிறிய அறை. சேர்க்கைப் படிவத்தில், தன் நோய் பற்றி யாரிடம் பேசலாம் என்பதை நோயாளியே நிரப்ப ஓர் இடம். நோயாளியிடம் எதுவரை பேசப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் கையெழுத்திட்டு எழுதும் ஒரு வரி, இரவுப் பணியாளர்கள் அதைப் பார்த்துப் பேசுவதற்காக. 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மருத்துவ அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் சேர்க்கப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். அதற்கு முன் படித்து இன்று துறைத் தலைவர்களாக இருப்பவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அதே பயிற்சியை அரசு தர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் சென்று வலி தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியர்களிலிருந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். நோயாளி மனம் திறந்து பேசுவது பெரும்பாலும் தன் வீட்டுத் திண்ணையில்தான், அதைக் கேட்க அங்கே இருப்பவர் அந்தச் செவிலியர்தான்.

எங்கள் அமைப்பின் எல்லாக் கிளைகளிலும் இந்த நிலைப்பாடு இன்று முதல் நடைமுறைக்கு வருகிறது. புதிதாகப் பதிவு செய்யும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதன் சாரம் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் தரப்பட்டு, வாசித்தும் காட்டப்படும். மறைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கும் குடும்பத்தாருக்கும் மருந்து, வலி நிவாரணம், வீட்டுக்கு வந்து பார்ப்பது எதுவும் நிறுத்தப்பட மாட்டாது.